காய்ச்சலும் பாய்ச்சலும்: மூன்று ஊரில் கொன்றை வளர்த்த அனுபவம்

கொன்றை, அதாவது மஞ்சள் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும் சரக்கொன்றை, வறட்சி தாங்கும் மரம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு வறட்சியை எங்கே போய் வாங்கிக் கொடுப்பது? ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பங்குனி, சித்திரையில் இடியோடு கோடைமழை. போதாக்குறைக்கு வீட்டுக்காரர்கள் பாசத்தில் குழாயைத் திறந்துவிடுவார்கள். அப்புறம் சித்திரை பிறந்ததும், "மரம் மாடி உசரத்துக்கு வளந்து நிக்கு, ஒத்தப் பூ இல்லியே" என்று கேட்பார்கள்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலம் முழுக்கக் கொப்பு வெட்டியவன் இப்போது மரம் நடுகிறான் என்று வீட்டில் கேலி. "பாவத்துக்குப் பரிகாரமா தம்பி?" என்று அக்கா கேட்டாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எது எந்தக் காற்றில் முறியும், எது கம்பிமேல் விழும், எது தெருவைப் பெயர்க்கும் என்று ஏணியில் நின்று பார்த்தவனுக்கு மரங்களைப் பற்றி ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கில் தேறியது கொன்றை. எங்கள் வீடு நாகர்கோவிலில். அக்கா வீடு மார்த்தாண்டம் பக்கம். மச்சினன் வீடு ஆரல்வாய்மொழியில். ஒரே மரத்து விதையில் முளைத்த கன்றுகளைத்தான் மூன்று இடத்திலும் வைத்தோம். மூன்றும் மூன்று மாதிரி வளர்ந்தன. இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த மூன்றையும் பார்த்துத் தெரிந்துகொண்டது.

தெருவுக்குப் பூமரம் என்றால் முதலில் எல்லோரும் சொல்வது குல்மோகர். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். பூத்தால் கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் வேர் மேலாகவே படர்ந்து பேவர் பிளாக்கைத் தூக்கும், ஓடைச் சுவரை விரிசல் விடவைக்கும். கொப்பும் வலுவில்லாதது, பலத்த காற்றுக்கு மளுக்கென்று முறியும். தூங்குமூஞ்சி மரம் இன்னும் பெரிய ஆள். சாலையோரத்தில் நிழலுக்கு நல்லது, அஞ்சு சென்ட் வீட்டு வாசலுக்கு ஆகாது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க ரப்பரும் தென்னையும் சாலையோர மரங்களும் சாய்ந்து, கம்பங்களையும் சேர்த்துக்கொண்டு விழுந்தன. வேறு மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துதான் கரண்டு கொடுக்க முடிந்தது. அந்த வேலையில் நான் கவனித்தது ஒன்று. காற்று மட்டும் மரத்தைச் சாய்ப்பதில்லை. முதலில் மழை மண்ணை ஊறவைக்கும், அப்புறம் காற்று தள்ளும். வேர் மேலாக இருந்து தலை பெரிதாக இருக்கும் மரம் அந்த நேரத்தில் நிற்காது. கொன்றைகளும் அடிபட்டன, ஆனால் நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் கொப்புதான் முறிந்திருந்தது. மூட்டோடு, அதாவது அடிமரத்தோடு, பெயர்ந்தது குறைவு. கட்டை கெட்டி, தலை சின்னது, அதனால் காற்றுப் பிடிக்கும் பரப்பு கம்மி. வீட்டு வாசலில் முப்பது, நாற்பது அடியோடு நின்றுவிடும்.

நர்சரியில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். "கொன்றை" என்று சொல்லி வேறு மரங்களையும் தருகிறார்கள். மஞ்சள் பூ பூக்கிற எல்லாமே அவர்களுக்குக் கொன்றைதான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வாங்கி வைத்தது கடைசியில் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்று தெரிந்தது. முதுமலைக் காட்டில் புகுந்து மற்ற செடிகளை அமுக்கிவிட்டதால் வனத்துறை வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கிறதே, அதே மரம். அடையாளம் எளிது. சரக்கொன்றையின் இலைக்காம்பில் சிற்றிலைகள் கொஞ்ச ஜோடிதான் இருக்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்குக் குறையாது. மற்றவற்றில் சின்னச் சின்ன இலைகள் நிறைய ஜோடி. பூக்கும் வயதில் இன்னும் சுலபம். கொத்து கீழே தொங்கினால் சரக்கொன்றை, மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால் வேறு ஏதோ.

எனக்கு நர்சரிக் கன்றைவிட விதைதான் பிடிக்கும். பையில் வருஷக்கணக்கில் கிடந்த கன்றுக்கு ஆணிவேர் அடியில் சுருண்டு போயிருக்கும். அதை அப்படியே நட்டால் வேர் கீழே இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பத்து வருஷம் கழித்து ஒரு காற்றில் தெரியும் அதன் குறை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஆள் உயரக் கன்றை விட்டுவிட்டு முழங்கால் உயரத்தில் தண்டு தடியாக இருப்பதை எடுங்கள். பையின் அடியில் ஓட்டை வழியே வேர் வெளியே வந்திருந்தால் வேண்டாம்.

விதை சேகரிப்பது தை, மாசியில். சித்திரையில் பூத்தது காயாகி, பச்சைக் குழலாகத் தொங்கி, மாசக்கணக்கில் கிடந்து கருத்துப் பழுக்கும். ஒரு முழம், ஒன்றரை முழம் நீளம் வரும். குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்கும் காயைப் பறியுங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டி உடைத்தால் உள்ளே காசு அடுக்கி வைத்தமாதிரி குறுக்குத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்கு நடுவிலும் கரும்பிசின் பூசிய ஒரு விதை. அந்தப் பிசின் இனிக்கும், ஆனால் தின்றால் வயிறு போகும். பிள்ளைகள் நக்கிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரித் தூக்கம் போய்விடும். சில விதைகளில் குண்டூசி ஓட்டை இருக்கும், வண்டு தின்றது, அதைத் தூக்கிப் போடலாம். மிச்சத்தைத் தண்ணீரில் அலசினால் தவிட்டு நிறத்தில் பளபளவென்று, பட்டன் கணக்காக வரும்.

அப்படியே மண்ணில் போட்டால் அந்த விதை உங்களைக் காக்கவைத்தே கொன்றுவிடும். தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றி மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பி இரண்டு மடங்காகியிருக்கும். அவற்றை உடனே விதைக்கலாம். உப்பாதவற்றுக்கு நகவெட்டியால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல், முளைக்கும் கண் இருக்கும் பக்கத்தை விட்டு. உப்புத்தாளில் தேய்த்தாலும் போதும். மறுபடி ஊறவையுங்கள். ஊறிய விதை ஒன்றிரண்டு வாரத்தில் தலை நீட்டும். பை ஒரு அடியாவது ஆழமாக இருக்கட்டும், ஆணிவேர் வேகமாக இறங்கும். அடுத்த மழைக்குள் நிலத்துக்குப் போய்விட வேண்டும்.

எந்த மழை என்பதுதான் இந்த மாவட்டத்தில் கேள்வி. கல்குளம், விளவங்கோடு பக்கம் ஒரு மாதிரி, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் இன்னொரு மாதிரி. மேற்கே இரண்டு பருவமழையும் தாராளம். கிழக்கே போகப் போகத் தென்மேற்குப் பருவம் சாரலாக மெலிந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்த மாசங்களில் மழையைவிடக் காற்றுதான் பெய்யும். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை. அதனால் ஆரல்வாய்மொழியில் ஆனியில் கன்று நட்டால் காற்று இலையை உரித்துவிடும். அங்கே புரட்டாசிக் கடைசியில் நட்டோம், காற்று ஓய்ந்து வடகிழக்கு மழை வரும் நேரம். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லுக்கு வயல் தயாராகும் சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்தில் வைகாசிக் கடைசியில், முதல் மழைக்கு நட்டோம். நாகர்கோவிலில் இரண்டும் ஓடும், நான் புரட்டாசியைத்தான் விரும்புவேன்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. இதில் எல்லோரும் ஒன்றுபோலத்தான் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது சரளை மண்ணைப் பற்றி. மேற்குப் பக்கச் செம்மண்ணுக்கு அடியில் கெட்டியான சரளை, கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். அதில் நேராகச் சுவர் வைத்துக் குழி வெட்டி, உள்ளே சாணியும் நல்ல மண்ணும் போட்டு நிரப்பினால் அந்தக் குழியே ஒரு தொட்டி ஆகிவிடும். மழைத்தண்ணி இறங்கும், வெளியே போக வழி இருக்காது. கொன்றையின் வேர் அழுகுவது அங்கேதான். குழியின் பக்கங்களைக் கடப்பாரையால் குத்தி உடைத்துவிடுங்கள். தோண்டியதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் கொன்றைக்கு ஆகாது, வேறு இடம் பாருங்கள். தோண்டிய மண்ணையே பெரும்பங்கு போட்டு மூடினால் போதும், மக்கிய சாணி ஒரு கூடை. உரத்தை மட்டும் நிரப்பினால் அது மக்கி அமுங்கி, ஒரு வருஷத்தில் கன்றின் மூடு தரைக்குக் கீழே போய்விடும், தண்ணி அங்கே சேரும். நடும்போதே தரையிலிருந்து நான்கு விரல் உயர்த்தி மேடாக நடுவது நல்லது.

புது வீட்டு வாசல் என்றால் இன்னொரு தொல்லை. கொத்தனார் மிச்சம் விட்ட சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, சுண்ணாம்பு எல்லாம் அங்கேதான் புதைந்திருக்கும். அதை முழுக்க வாரி வெளியே போட்டுவிட்டு நடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள். கரண்டுக் கம்பி தெருவின் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நடுங்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரையும் மேலே ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள் வருஷா வருஷம் என் மாதிரி ஆளைக் கூப்பிட்டு மரத்தின் நடுவில் ஜன்னல் வெட்டச் சொல்வார்கள். அப்படி வெட்டிய மரம் பார்க்கச் சகிக்காது.

கன்றுக்குத் தாங்குகம்பு ஒன்று நட்டு, நைலான் கயிற்றால் மூச்சுத் திணறக் கட்டுவது ஊர் வழக்கம். வேண்டாம். இரண்டு பக்கமும் இரண்டு கம்பு நட்டு, பழைய சைக்கிள் டியூபை எட்டுப் போட்டமாதிரி சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள், அதுவும் கன்றின் கீழ்ப்பாதியில். மேல்பாதி ஆடட்டும். ஆடி ஆடித்தான் தண்டு பருக்கும். அசையவே விடாமல் கட்டிய கன்று மேலே ஓடிக்கொண்டே இருக்கும், கம்பை எடுத்ததும் தலை சாய்ந்துவிடும். ஆரல்வாய்மொழியில் மச்சினன் காற்று வரும் பக்கம் மூன்றாவதாக ஒரு கம்பும் சேர்த்தான், அந்த ஊருக்கு அது தேவை. ஒரு வருஷம் ஆனதும் எல்லாக் கம்பையும் பிடுங்கிவிட வேண்டும். மாட்டுக்குப் பயந்து இரும்புக்கூண்டு போட்டிருந்தால் அதையும் மறக்காமல் எடுங்கள். நகரத்தில் எத்தனையோ மரம் அந்த வளையத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறது.

இனித் தண்ணி. விவசாயி சொல்வாரே, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று, மண்ணைக் காயவிட்டு அப்புறம் தண்ணி பாய்ச்சுவது, கொன்றைக்கு அதுதான் வேதம். முதல் வருஷக் கோடையில் வாரம் இரண்டு தடவை நன்றாக ஊற்றுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட வாரம் இரண்டு தடவை இரண்டு வாளி மேல், அப்போதுதான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். இரண்டாம் கோடையில் வாரம் ஒன்று. மூன்றாம் வருஷத்திலிருந்து, மரம் தளதளவென்று இருந்தால், ஊற்றவே வேண்டாம்.

மரம் பூக்கும் வயதுக்கு வந்ததும், தை பிறந்தால் அதன் மூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகி உதிரும். இங்கேதான் பலர் பயந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்கா ஒரு வருஷம் பதறிப்போய் வந்தார்கள். "அண்ணே, மரம் பட்டுப்போச்சு போல, ஒரு இலை இல்ல." நான் நகத்தால் ஒரு கொப்பைச் சுரண்டிக் காட்டினேன், உள்ளே பச்சை. "சும்மா விடுங்க, ஒண்ணும் செய்யாதீங்க" என்றேன். அவர்களுக்கு மனசு கேட்கவில்லை, ராத்திரி ஓஸ் பைப்பைப் போட்டுவிட்டார்கள். பத்துப் பதினைந்து நாளில் மரம் இளஞ்செம்பு நிறத்தில் தளிர்விட்டுப் பச்சையானது. அந்தச் சித்திரையில் இரண்டே கொத்து, அதுவும் இலைக்குள் ஒளிந்துகொண்டு. காய்ச்சல் கண்ட மரம் இலை வருமுன்னே, அல்லது இலையோடு சேர்ந்தே, பூவைத் தள்ளும். அந்தக் காய்ச்சல் கிடைக்காவிட்டால் அதற்கு அவசரம் இல்லை, இலைவிட்டுச் சுகமாக இருக்கும்.

அக்கா வீட்டு மரத்தின் கதையும் தண்ணிதான். வாஷிங் மெஷின் குழாயை அத்தான் மரத்து மூட்டுக்கு விட்டிருந்தார், "தண்ணி வீணாப் போகப்படாது" என்று. மரம் கொழுகொழுவென்று வளர்ந்தது, பூ இல்லை. குழாயைத் திருப்பி வாழை மூட்டுக்கு விடச் சொன்னேன். அடுத்த சித்திரையில் நன்றாகவே பூத்தது. அத்தனை பெருமையும் குழாய்க்குக் கொடுக்க மாட்டேன், அந்த வருஷம் மாசியிலும் பங்குனியிலும் மேற்கே மழையே இல்லை. ஆனாலும் ஆரல்வாய்மொழி மரம் வருஷம் தவறாமல் கொட்டித் தீர்ப்பதையும், மார்த்தாண்டத்து மரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் பூப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் இல்லை. நகரத்து வீடுகளில் ஏசித் தண்ணி, ஆர்ஓ கழிவுத்தண்ணி, பாத்திரம் கழுவும் தண்ணி எல்லாம் எங்கே போகிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மரத்துக்கு நாம் ஊற்றுவது பாதி, தெரியாமல் போவது பாதி.

உரமும் அப்படியே. கொன்றை அவரைக் குடும்பம்தான், ஆனால் அகத்தி மாதிரி வேரில் முடிச்சு போட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வகை இல்லை. அதற்காக யூரியா போட வேண்டாம், எல்லாம் இலைக்குத்தான் போகும். வைகாசியில் ஒரு கூடை மக்குச் சாணி போதும். விதையிலிருந்து வந்த மரம் பூக்க அஞ்சாறு வருஷம் ஆகும், ஈர மண்ணில் இன்னும் கூட ஆகும். அவசரக்காரர்களுக்கு இது மரமில்லை.

புழுவைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. மழை தொடங்கித் தளிர் வரும்போது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் சுற்றும், அவை இட்ட முட்டையிலிருந்து பச்சைப் புழு வந்து இளம் இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்னும். பெரிய மரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அடுத்த தளிர் வந்துவிடும். மருந்து அடிக்காதீர்கள். ஆள் உயரத்துக்குக் கீழே உள்ள கன்று என்றால் கையால் பொறுக்கிப் போடுங்கள், அவ்வளவுதான்.

மருந்து அடிக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பூத்த காலத்தில் காலையில் மரத்தடியில் நின்றால் பெரிய கருவண்டுகள் வந்திருப்பது தெரியும். கொன்றைப் பூவை ஒன்று பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: ஐந்து இதழ், பத்து மகரந்தத் தண்டு. அதில் மூன்று மட்டும் நீண்டு, வளைந்து, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வண்டு பூவைக் காலால் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை விர்ரென்று அதிரவைக்கும், மகரந்தம் தூளாக அதன் உடம்பில் கொட்டும். அந்த அதிர்வு இல்லாவிட்டால் பொடி எளிதில் வெளியே வராது. வண்டைக் கொன்றுவிட்டு விதைக்குக் காய் கேட்க முடியாது.

கவாத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். தெருவோரம் நிற்கும் மரத்துக்கு முதல் மூன்று நான்கு வருஷத்தில் ஒரே தண்டை மேலே கொண்டுபோக வேண்டும், எட்டடி வரைக்கும் பக்கக் கொப்பு இல்லாமல். கொப்பு கட்டைவிரல் தடிமனில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் காயம் சீக்கிரம் மூடும். விட்டுவிட்டுத் தொடைத் தடிமனில் வெட்டினால் அந்தப் பொந்தில் தண்ணி நின்று அழுகும், நம்ம ஊர் மழையில் காயம் காயவே காயாது. வெட்டுவதற்கு நேரம் பூ முடிந்ததும், பெரிய மழை பிடிக்கும் முன்பு, வைகாசியில் நாலு நாள் வெயில் அடிக்கும்போது. ஐப்பசிக்கு மேல் கத்தியை எடுத்தால் அடுத்த சித்திரைப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள்.

கனமான கொப்பை ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டாதீர்கள். பாதி அறுக்கும்போதே கொப்பு தன் பாரத்தில் சாய்ந்து, மூடு வரைக்கும் பட்டையை உரித்துக்கொண்டு போகும். முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுங்கள், பிறகு அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்துக் கொப்பை இறக்குங்கள், கடைசியாக மிச்சமுள்ள குச்சியைத் தண்டோடு சேரும் இடத்தில் தெரியும் தடிப்பை ஒட்டி எடுங்கள். அந்தத் தடிப்பைத் தொடக்கூடாது, காயத்தை மூடுவது அதுதான். தலையை மொட்டையடிப்பது கூடவே கூடாது. வெட்டிய இடத்தில் பத்துக் கொப்பு கிளம்பும், எல்லாம் வலுவில்லாதவை, அடுத்த காற்றுக்கு அவைதான் கம்பியில் விழும். கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் கொப்பை எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே வெட்டாதீர்கள். ஈரக் கொப்பில் கரண்டு பாயும், அலுமினிய ஏணி அதைவிட மோசம். ஆபீசில் சொல்லி, லைனை நிறுத்தியபிறகுதான் வெட்டவேண்டும்.

விஷுவுக்கு முந்தின நாள் மரம் படும் பாடு தனி. கேரளத்துக்கு மாநிலப் பூவே இதுதான், பழைய திருவிதாங்கூர் வழக்கத்தில் நமக்கும் சித்திரை முதல் நாள் கனி காண இது வேண்டும். ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்ல மனம் வராது. ஆனால் தோட்டியை, அதாவது கொக்கிக் கம்பை, மாட்டி இழுத்துக் கொப்போடு பிய்ப்பதை நான் விடுவதில்லை. தோட்டியின் நுனியில் கூரான அரிவாள் கட்டி, கொத்தின் காம்பை மட்டும் அறுத்தால் கொப்பு தப்பும். சாயங்காலம் அறுத்து வாளித் தண்ணீரில் காம்பை நிறுத்தி வைத்தால் விடியக்காலை வரைக்கும் உதிராமல் இருக்கும். முன்கூட்டியே அறுத்து ஃபிரிட்ஜில் வைத்தவர்களுக்கு மறுநாள் கையில் மிஞ்சியது காம்பு.

பேவர் பிளாக் போடுகிறவர்கள் மூடு வரைக்கும் ஒட்டிப் போட்டுவிடுவார்கள். நாலடிக்கு நாலடி வெறும் மண்ணாக விடச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். அவர்கள் போன பிறகு சொல்லிப் பயனில்லை. தெருவை உயர்த்தும்போது மூட்டைச் சுற்றி ஜல்லியும் மண்ணும் குவிந்தால் அதையும் அன்றைக்கே வாரி விடுங்கள். மூடு புதைந்த மரம் உடனே சாகாது, நாலைந்து வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து பிறகு போகும், யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

குப்பைச் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். மாசியில் இலை, சித்திரையில் பூ, அப்புறம் தலைமேல் தொங்கும் காய். பூ விழுந்து கிடப்பது இரண்டு நாளைக்கு அழகு, மூன்றாம் நாள் மழையில் நனைந்து டைல்ஸில் வழுக்கும். காய் கார் மேல் விழுந்தால் பள்ளம் விழாது, ஆனால் உடைந்து கசியும் கரும்பிசின் கறை போகாது. பக்கத்து வீட்டு மாடித் தண்ணிக்குழாய் இலையால் அடைபட்டது என்று எங்கள் தெருவிலும் பேச்சு வந்தது. கார்த்திகை மழைக்கு முன்பு அவர்கள் மாடியை நானே போய்க் கூட்டிக் கொடுக்கிறேன், அவர்கள் பக்கம் சாயும் கொப்பை வைகாசியில் குறைக்கிறேன். தையில் எட்டும் காய்களை எல்லாம் பறித்துவிடுகிறேன். பேச்சு நின்றது. ஊர் அழகுக்கு என்று சொல்லி நட்டுவிட்டு விளக்குமாற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுப்பது நியாயமில்லை.

குளச்சலிலிருந்து ஒரு பழைய சகா போன வாரம் கேட்டார், கடலைப் பார்த்த வீட்டு வாசலில் கொன்றை வருமா என்று. உப்புக்காற்று நேராக அடிக்கும் முதல் வரிசையில் வைக்க வேண்டாம் என்றேன், இலை நுனி கருகிக்கொண்டே இருக்கும். அங்கே புன்னை வைக்கலாம், கடற்கரை அதன் சொந்த ஊர், வெள்ளைப் பூவுக்கு வாசமும் உண்டு. பூவரசு இன்னும் சுலபம், மழைக்காலத்தில் கையளவு தடிமனில் ஒரு போத்தை வெட்டி நட்டாலே பிழைக்கும். குளத்தங்கரை, வயல் நிரவிக் கட்டிய வீடு என்று தண்ணி நிற்கும் இடம் என்றால் பூமருது. இயல்பிலேயே ஆற்றோரத்து மரம் அது, கோடையில் ஊதா நிறத்தில் பூக்கும், ஈரத்துக்கு அஞ்சாது. கார் நுழையாத ஒடுக்கமான சந்து என்றால் மந்தாரையோடு நிறுத்திக்கொள்ளலாம். சகாவுக்குப் புன்னை பிடிக்கவில்லை, மஞ்சள்தான் வேண்டுமாம். அப்படியானால் வீட்டுக்குப் பின்பக்கம், கடற்காற்றைச் சுவர் மறைக்கும் இடத்தில் மேடு கட்டி நடச் சொல்லியிருக்கிறேன். கன்று என்னிடம் இருக்கிறது, புரட்டாசியில் வந்து எடுத்துக்கொள்வார்.